புகை போகும் பக்கம்

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் சமையலறைக்குள் தலையை நீட்டுவார்கள். ரஹமத் அப்படியல்ல. வாசலில் செருப்பைக் கழற்றியதுமே, "தோட்டம் எந்தப் பக்கங்க?" என்று கேட்பாள். காட்டிய வழியில் வீட்டைக் கடந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், நேரே பின்புறம் போய்விடுவாள். கூடையிலிருந்து சாம்பிராணிக் கரண்டியை எடுத்து, தேங்காய் நாரைப் போட்டுப் பற்றவைத்து, "பிஸ்மில்லா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை சாம்பிராணியைத் தூவுவாள். வெள்ளையாகப் புகை எழும்பும். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் புகை எங்கே போகிறது என்று பார்த்தபடி நிற்பாள்.

திருவண்ணாமலையில் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் வெற்று இடத்தைத் தோட்டம் என்றுதான் சொல்வது, அதில் ஒரு செடிகூட இல்லாவிட்டாலும். ரஹமத்துக்குச் செடி வேண்டாம். செங்கல் வைத்துக் கோட்டை அடுப்பு போட இடம் வேண்டும். தலைக்கு மேலே வானம் வேண்டும். புகை வீட்டுக்குள் வராமல் வெளியே போக வேண்டும். முதல் இரண்டும் எங்கும் கிடைத்தன. மூன்றாவதுதான் கிடைக்கவில்லை.

அது எழுபத்தாறாம் வருஷம். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுப்பதுதான் ரஹமத்தின் பிழைப்பு. ஊரில் தேக்சா வைக்கிறவர்கள் எல்லோரும் ஆம்பளைகள். தேக்சா என்றால் ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிய செம்புப் பாத்திரம். அவர்கள் கல்யாண வீட்டுக்கே போய் ஆக்குவார்கள். ஒரு பெண்பிள்ளை ஊரார் வீட்டு ஆண்களுக்கு நடுவில் நின்று கரண்டி போட முடியுமா? அதனால் ரஹமத் தன் வீட்டிலேயே ஆக்குவாள். தேக்சாவின் வாயைக் கோதுமை மாவால் ஒட்டி, மண்ணாங்கட்டியின் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்புவாள். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேருவதற்குள் தம் ஏறிவிட வேண்டும். அந்த வழி எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டு அதற்குத் தகுந்த பதத்தில் அரிசியை இறக்குவாள். கீழ்பென்னாத்தூர் கல்யாணம் என்றால் ஒரு பதம், தேரடிக்குப் பக்கத்தில் என்றால் வேறு பதம். கல்யாண வீட்டில் மூடியை உடைக்கும்போது சோறு ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் உதிரும். "வண்டியில வந்த சோறா இது?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

அவளை அந்தக் கரண்டிக்குக் கொண்டுவந்தது அவளுடைய கணவர் அய்யூப்பின் நெஞ்சு. அவர் பஞ்சு அடிப்பவர். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு போளூர் ரோடு, அவலூர்பேட்டை ரோடு என்று தெருத்தெருவாகப் போவார். வாசலில் உட்கார்ந்து பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்துப் பூவாக்கி, திரும்பத் தைத்துக் கொடுத்துவிட்டு வருவார். ஊருக்கெல்லாம் நல்ல தூக்கம் கொடுத்த மனிதருக்குப் பஞ்சுத் தூசி மூச்சில் ஏறிவிட்டது. இழுப்பு வந்தால் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிடுவார். வில்லைத் தூக்க முடியாமல் போன நாளில், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் மட்டும் கரண்டி பிடித்திருந்த ரஹமத் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டாள். யாரிடமும் அழவில்லை. "அல்லா ஒரு கையை மூடினா இன்னொரு கையைத் தொறப்பான்" என்று சொல்லி, புருஷனுடைய பஞ்சு வில்லைப் பரணில் ஏற்றிவிட்டு அடுப்புக்குச் செங்கல் பொறுக்கப் போனாள்.

அவர்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீட்டுக்குப் பின்னால் ஒரு காலிமனை இருந்தது. அங்கேதான் சமையல். அந்த மனையை யாரோ வாங்கி, கோயிலுக்கு வருகிறவர்கள் தங்க லாட்ஜ் கட்டக் கடைக்கால் தோண்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒரு தடவை வீட்டு நடுவாசலிலேயே அடுப்பை மூட்டினாள். கறி பாதி வேகும் முன்னே அய்யூப்புக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பக்கத்துக் குடித்தனக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அடுப்பு எரியாவிட்டால் வீட்டில் சோறு இல்லை. எரிந்தால் புருஷனுக்கு மூச்சு இல்லை. அன்றைக்குத்தான் ரஹமத் சாம்பிராணிக் கரண்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு வீடு தேடக் கிளம்பினாள்.

ஏன் சாம்பிராணி என்று கேட்கலாம். வெறும் நாரைக் கொளுத்தினால் வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சாம்பிராணியை யார் வேண்டாம் என்பார்கள்? வாசனைக்கு வாசனையும் ஆயிற்று, புகை நன்றாகக் கண்ணுக்கும் தெரியும்.

அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு வீடு. தோட்டம் நல்ல அகலம். ஆனால் புகை எழும்பிப் போய்க் கிணற்றுக்கு மேலேயே கவிந்தது. சாம்பல் எல்லாம் தண்ணீரில் விழும், வேண்டாம் என்றாள். அடி அண்ணாமலையில் ஒரு வீடு கிடைத்தது. வயலளவு இடம், காற்று அள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் அய்யூப்புக்கு இழுப்பு வந்தால் அங்கிருந்து டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகுமோ. அதுவும் வேண்டாம். இன்னொரு இடத்தில் எல்லாமே சரியாக அமைந்தது. புகை வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் அடுத்த மனையில் இருந்த சின்னப் பிள்ளையார் கோயிலுக்குள் நுழைந்தது. வீட்டுக்கார அம்மா மணியம்மாள், "அதனால இன்னாம்மா, அது தெருப் புள்ளையாரு, யாரு கேக்கப் போறாங்க?" என்றாள்.

"யாரும் கேக்க மாட்டாங்கக்கா. ஆனா உங்க சாமி மேல எங்க கறிப் புகை போவக் கூடாது" என்று ரஹமத் கரண்டியை அணைத்துவிட்டாள்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா" என்று மணியம்மாள் கதவுவரை வந்து வழியனுப்பினாள்.

வைகாசியில் தெரியவந்ததுதான் ஆதிமூலத்தின் வீடு. ஆதிமூலம் தேரடியில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கும் விடுவார். ரஹமத்தின் தேக்சாக்கள் அவர் கடையிலிருந்துதான் வரும். அவருடைய தாயார் இருந்த வீடு காலியாக இருந்தது. கிழக்குப் பார்த்த வாசல். மேற்கே, மலையைப் பார்த்தாற்போல் தோட்டம். தோட்டத்தின் கடைசியில், மாடுகளை விற்ற பிறகு காலியாகக் கிடந்த ஒரு கொட்டாய். வீட்டுச் சாவி அடுத்த வீட்டில் பூக்கட்டும் பொன்னியிடம் இருந்தது. அவள்தான் கூட வந்து திறந்துவிட்டாள்.

ரஹமத் வழக்கம்போல நாரைப் பற்றவைத்து, பிஸ்மில்லா சொல்லி, சாம்பிராணி தூவிவிட்டு நின்றாள். மலைப் பக்கமிருந்து காற்று வந்து, புகையை அப்படியே பின்கதவு வழியாக வீட்டுக்குள் தள்ளியது. ஒரு மூலை விடாமல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எங்கே வைத்தாலும் உள்ளேதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தோட்டம் அவ்வளவு பிடித்திருந்தது.

உதிரிப்பூவை மடியில் கட்டிக்கொண்டு முன்வாசல் நடையிலேயே நின்றிருந்த பொன்னி, "இன்னா பாயம்மா, புடிச்சிருக்குதா?" என்று குரல் கொடுத்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது பொன்னி. ஆனா உள்ள வருதே."

"உள்ள வருதா?"

"ஆமா. மேக்கால இருந்து நேரா உள்ள வருது. எங்க வீட்டுக்காரரு ஒரு நாளு தாங்க மாட்டாரு. அண்ணங்கிட்ட வேணாம்னு சொல்லிடு."

 ரஹமத் வெளியே வருவதற்கு முன்பே பொன்னி தெருவில் நின்றாள். பூட்டைப் பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓட்டமாகப் போனாள். வெயில் தாங்காமல்தான் என்று ரஹமத் நினைத்துக்கொண்டாள்.

ஆதிமூலத்தின் தாயார் அந்த வருஷம் தை மாசத்தில்தான் அந்த வீட்டில் கண்ணை மூடியிருந்தார். ஒரு பாயம்மா வந்தாள், சாம்பிராணி போட்டாள், மந்திரம் சொன்னாள், மேற்கேயிருந்து உள்ளே வருது என்று சொல்லிவிட்டுப் போனாள். இது போதாதா? அந்த வாரம் பூ வாங்கிய வீடுகளுக்கெல்லாம் பூவோடு இந்தக் கதையும் போய்ச் சேர்ந்தது. கிழவி வெற்றிலை கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று ஒரு தெருவில் சொன்னார்கள். அடுத்த தெருவில் அது மாட்டைத் தேடிக்கொண்டு வருவதாக ஆயிற்று. அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வந்திருந்த வாத்தியார் குடும்பம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது.

ரஹமத்துக்கு இது ஒன்றுமே தெரியாது. திடீரென்று எல்லோரும் தன்னிடம் மரியாதையாகப் பேசுவது மட்டும் தெரிந்தது. மளிகைக்கடைக்காரர் அவளை முன்னால் விட்டு, மற்றவர்களை நிற்கச் சொன்னார். வண்டிக்கார மண்ணாங்கட்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"பாயம்மா, நம்ம எடது மாடு ராத்திரில மிரளுது. உங்க கரண்டிய எடுத்தாந்து ஒரு சுத்து சுத்திட்டுப் போனீங்கன்னா..."

"எனக்கு இன்னா தெரியும் மாட்டைப் பத்தி? மாட்டு டாக்டர்கிட்ட காட்டு."

"அது இல்லீங்க. ஆதிமூலம் வீட்டுல நீங்க பாத்தீங்களாமே."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ரஹமத் நெற்றியில் அடித்துக்கொண்டு நேரே பொன்னியிடம் போனாள். "நான் பொகையச் சொன்னேன்டி. பொகைதான் உள்ள வருதுன்னு சொன்னேன்."

பொன்னி தொடுத்துக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "புரியுது பாயம்மா. வெளிய சொல்லக் கூடாது. அவ்ளோதானே? நான் யாருகிட்டயும் சொல்லல."

யாரிடம் போய் இல்லை என்று சொன்னாலும் இதே கதைதான். அவள் மறுக்க மறுக்க, சொல்லப் பயப்படுகிறாள் என்று சனங்கள் இன்னும் உறுதியாக நம்பினார்கள்.

அடுத்த நாள் ஆதிமூலம் வந்துவிட்டார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் ரஹமத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உக்காருங்கண்ணா."

"நான் உக்கார வரல பாயம்மா. வூடு வாடகைக்குப் போவலன்னு கேக்க வரல. எங்கம்மா உசுரோட இருந்த வரிக்கும் வாசல்ல வந்து நின்னவனுக்குச் சோறு போடாம அனுப்புனது கெடையாது. அவங்கள பேயின்னு சொல்றாங்க. தெருவுல நடந்தா என் காதுலயே வுழுது." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒரு வார்த்த சொன்னியாம். அந்த வார்த்தய நீயே எடுத்துடும்மா."

"சொல்லிப் பாத்துட்டேண்ணா. நான் இல்லன்னு சொன்னா இருக்குதுன்னு எடுத்துக்கறாங்க."

"அப்போ நான் இன்னா பண்றது?"

ரஹமத்துக்குப் பதில் தெரிந்திருந்தது.  அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று ஊர் நம்ப வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. உள்ளே வருது என்று சொன்னவளே அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். ஆனால் அது புகை உள்ளே போகும் வீடு. ஆதிமூலத்தின் தாயாருடைய பேரைக் காப்பாற்றப் போய், தன் புருஷனுடைய மூச்சை எப்படிக் கொடுப்பாள்? "ரெண்டு நாளு டைம் கொடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

அய்யூப் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வது உருதுவில். தமிழில் சொன்னால் அந்தப் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"யோசிக்க இன்னா இருக்குது? சாமான எடுத்துக் கட்டு."

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"இந்தப் பொந்துல மட்டும் இன்னா வாழுது? ஒரு மனுஷன் தன் தாயைப் பத்திப் பேசிக் கண்ணத் தொடச்சிக்கினு போறான். நம்ம வூட்டு வாசல்ல இருந்து. அப்புறம் நான் எந்த மூஞ்சியோட தொழுவப் போறது?"

"பொகை உள்ள வருதுங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

"நீ பாத்தே, நான் பாக்கலியே. இத்தினி வீடு பாத்தியே, ஒண்ணுத்துக்காவது என்னக் கூட்டிக்கினு போனியா? இழுக்கப் போறது என் நெஞ்சு. அத்த வச்சிப் பாக்கணும். உன் கரண்டிய வச்சிப் பாத்தா?"

அது வாஸ்தவம்தான். அவரை நடக்கவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் ரஹமத் தனியாகத்தான் போயிருந்தாள். மறுநாள் மண்ணாங்கட்டியின் வண்டியில் மெத்தை விரித்து அவரை உட்கார வைத்துக் கூட்டிப் போனாள். ஆதிமூலமும் வந்திருந்தார். பொன்னி தன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை.

வெறும் சாம்பிராணி போதாது என்று ரஹமத் இந்த முறை மூன்று கல்லை வைத்து விறகையே மூட்டினாள். ஈர விறகு. புகை திமுதிமுவென்று கிளம்பி, பின்கதவில் நுழைந்து கூடத்தை நிறைத்தது. அங்கே நின்றிருந்த அய்யூப்புக்கு உடனே இருமல் வந்துவிட்டது. மார்பைப் பிடித்துக்கொண்டு, முன்வாசலுக்குப் போவதற்குப் பதிலாகத் தடுமாறிப் பின்பக்கமே வந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிய, அடுப்பைத் தாண்டி, சுவரைத் தடவிக்கொண்டே தோட்டத்தின் கடைசிக்குப் போய் மாட்டுக்கொட்டாயில் சாய்ந்தார்.

ரஹமத் குடத்துத் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள். "பாத்தீங்களாண்ணா? இதத்தான் சொன்னேன். இதத்தான் சொன்னேன்" என்று ஆதிமூலத்திடம் சொன்னாள். ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம்மா. எங்கம்மா பேருக்காக இவரு உசுர வாங்க வேணாம். நான் தெரியாம கேட்டுட்டேன். வுட்டுடு" என்றார்.

"ஏ ரஹமத்" என்று கொட்டாயிலிருந்து குரல் வந்தது.

மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டியின் விளிம்பில் அய்யூப் உட்கார்ந்திருந்தார். இருமல் நின்றிருந்தது. "ஏன் அணைச்சே? மறுபடியும் மூட்டு."

"உங்களுக்கு மூளை கீளை கெட்டுப் போச்சா?"

"மூட்டுன்னு சொல்றேன்ல."

மூட்டினாள். கொட்டிய தண்ணீர் படாத விறகு கொஞ்சம் மிச்சம் இருந்தது. புகை எழும்பி முன்போலவே வீட்டைப் பார்த்து ஓடியது. அய்யூப் தொட்டியிலேயே உட்கார்ந்திருந்தார். மலையிலிருந்து வரும் காற்று முதலில் அவரைத் தொட்டது, அதற்கப்புறம்தான் அடுப்புக்குப் போனது. ஒரு துளிப் புகை அவர் பக்கம் திரும்பவில்லை. விறகு எரிந்து தணலாகும் வரையில் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.

"பொகை எங்க போவுது, எங்க போவுதுன்னே பாத்துக்கினு இருந்தியே. எங்க போவலன்னு பாத்தியா நீ?" என்றார் அய்யூப். "அடுப்பு இங்க. அரிசி மூட்டை, தேக்சா எல்லாம் வூட்டுக்குள்ள. நான் கொட்டாயில. முடிஞ்சிது கணக்கு."

ஆதிமூலம் பதறிப்போனார். "அது மாட்டுக்கொட்டாய் பாய். உங்கள அதுல படுக்க வச்சேன்னு நாலு பேரு என்ன இன்னா பேசுவாங்க?"

"மாடு இருந்த எடத்துல காத்து நல்லா இருக்கும்ணா. மாட்டுக்கு இழுப்பு வந்து நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

ஆதிமூலத்துக்குத் தாயார் போனபின் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் ரஹமத் சிரிக்கவில்லை. அவள் கண் இன்னும் காற்றிலேயே இருந்தது. "ஐப்பசி கார்த்திகையில காத்து எப்படிண்ணா இங்க?"

"அப்போ திரும்பிடும்மா. கெழக்கால இருந்து வூட்டத் தாண்டிக்கினு வந்து கொட்டாய்ல அடிக்கும். எங்கம்மா மாட்டுக்குப் படுதா கட்டுவாங்க."

 ரஹமத் வீட்டைப் பார்த்தாள், கொட்டாயைப் பார்த்தாள். பிறகு முகம் தெளிந்தது. "அப்போ மழை மாசத்துல கட்டில வூட்டுக்குள்ள போட்டுக்கலாம். காத்து திரும்பினா வெளிய எடுத்துக்கலாம்."

அப்படித்தான் அந்த வீடு அமைந்தது. ஆதிமூலம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், அதையும் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார். தீபத் திருவிழாவின் பத்து நாளும் தோட்டத்தில் கறி வேக வேண்டாம். "அத்த நீங்க சொல்லணுமாண்ணா? அந்தப் பத்து நாளும் நாங்க எந்த வூட்டுல இருந்தாலும் கறி எடுக்கறது கெடையாது. ஊரே வெரதம் இருக்கும்போது எனக்கு எப்படி எறங்கும்?" என்றாள் ரஹமத்.

குடி வந்த அன்று ஆதிமூலம் தன் தாயாரின் விளக்கை எடுத்துப் போக வந்தார். கூடத்துச் சுவரில் ஒரு மாடம், அதில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பித்தளை விளக்கு. ரஹமத் தடுத்தாள். "இது இருந்த எடத்துலயே இருக்கட்டும். நான் ஏத்தறது மொறையில்ல. பொன்னி வந்து ஏத்தட்டும்." பொன்னி பயந்து பின்வாங்கினாள். ஆனால் கிழவியின் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவளுக்கு மாட்டேன் என்று சொல்லவும் மனசு வரவில்லை. முதல் நாள் ரஹமத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போய் ஏற்றினாள். கொஞ்ச நாளில் தனியாகவே வந்து ஏற்றினாள். பிறகு ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து பூத் தொடுக்கவும் ஆரம்பித்தாள். அதன்பின் அந்த வீட்டைப் பற்றி ஊரில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் பொன்னி சும்மா விடமாட்டாள்.

எண்பதுகளின் கடைசி வரையிலும் அந்தத் தோட்டத்தில் ரஹமத்தின் அடுப்பு எரிந்தது. வருஷம் ஒரு தடவை அய்யூப்பின் கட்டில் வெளியே வரும், ஒரு தடவை உள்ளே போகும். மழைக்காலம் போய்ப் பாயின் கட்டில் கொட்டாய்க்கு வந்துவிட்டதா என்று பார்த்துத்தான் அந்தத் தெருவில் வேர்க்கடலை என்கிற மல்லாட்டையைக் காயப்போடுவார்கள். ஆதிமூலம் கொட்டாய்க்குச் செங்கல் தளம் போட்டு, சுண்ணாம்பு அடித்து, ஓடும் மாற்றிக் கொடுத்தார். ரஹமத்தின் கைச்சோற்றைப் புகழாத கல்யாணம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அவளோ, "தோட்டம் அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த தேக்சாவைக் கழுவப் போய்விடுவாள்.

அங்கே முதல் சமையல், குடி வந்த வருஷத்து ஆடி மாசத்தில் நடந்தது. நசீம் பானு என்று அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை, அவள் மகளுடைய கல்யாணம். காற்று மலையிலிருந்து சீறிக்கொண்டு வந்தது. ரஹமத் பின்கதவை இறுகச் சாத்தி, கோணிச்சாக்கை நனைத்து இடுக்கில் செருகியிருந்தாள். புகை கூரைக்கு மேலே ஏறித் தெருவைத் தாண்டிப் போனது. பெரிய தேக்சாவில் கறி கொதித்தது. வெங்காயம், இஞ்சி, பட்டை எல்லாம் ஒன்றாகக் கூடி மணம் எழும்பும் நேரம். வேலை மும்முரத்தில் கிளறிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். எத்தனையோ வருஷமாக அடுப்புச் சத்தத்தோடு சேர்ந்தே அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்த இழுப்புச் சத்தம் இல்லை.

 கரண்டியை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டாய்க்கு ஓடினாள்.

அய்யூப் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னாங்க? இன்னா ஆச்சு?"

"இது ஒரு வூடா? அங்க கறி கொதிக்குது. கண்ணால பாக்கறேன். ஒரு பொட்டு வாசனை இங்க வருதா? உப்பு பத்திச்சா, காரம் ஜாஸ்தியா கம்மியா, ஒரு எழவும் தெரியல. வாசனைய வச்சித்தான் நான் சொல்லுவேன், உனக்குத் தெரியாதா?"

ரஹமத் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு எழுந்து போனாள். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தேக்சாவை மூடி, ஆவி படிந்ததும் மூடியைத் தூக்கினாள். ஆவி சொட்டச் சொட்ட, காற்றுக்கு முதுகைக் காட்டி, மார்போடு அணைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கொட்டாய்க்கு வந்தாள். திரும்பி அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அய்யூப் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். நெஞ்சு நிறைய, கடைசி வரைக்கும் இழுத்தார். நடுவில் எங்கேயும் சிக்கவில்லை.

"உப்பு இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.